மழைநீரிலிருந்து தொடங்குங்கள்: வீட்டு மனையைச் சூழலுக்கு உகந்ததாக்கும் முழுமையான வழிகாட்டி

வீட்டைச் சுற்றிப் பசுமை வேண்டும் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலானோர் முதலில் போவது நர்சரிக்குத்தான். ஒரு டெம்போ நிறையச் செடிகளும், ஒரு லாரி செம்மண்ணும், சுருள் சுருளாகக் கொரியன் புல்லும் வந்து இறங்குகின்றன. அடுத்த சித்திரையில் புல் காய்கிறது, போர்வெல் மோட்டார் காற்றை இழுக்கிறது, செடிகளைக் காப்பாற்றத் தண்ணீர் லாரிக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்வைக்குப் பச்சையாக இருந்த அந்தத் தோட்டம் ஊரின் நிலத்தடி நீரையும் எங்கோ ஒரு மேட்டின் மண்ணையும் தின்றுதான் நின்றது.

ஒரு மனை சூழலுக்கு உகந்ததா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: அங்கே விழும் மழை, உதிரும் இலை, வீட்டுக்குள் ஒருமுறை பயன்பட்ட நீர் ஆகிய மூன்றில் எவ்வளவு கேட்டைத் தாண்டாமல் தங்குகிறது? செடிகளின் எண்ணிக்கை அதற்குப் பிறகுதான். வேலையின் வரிசையும் அப்படியே அமைய வேண்டும். முதலில் நீர், அடுத்து மண், பிறகு மரம். பறவையும் பூச்சியும் பெரும்பாலும் தாமாகவே வந்துவிடும்.

சென்னைப் புறநகரில் உள்ள ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மனை சிறியதாகவோ மண் வேறாகவோ இருந்தால் எங்கே மாற்ற வேண்டும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

படி 1: மனையை ஒரு மழையில் சுற்றிப் பாருங்கள்

நல்ல மழை பெய்யும்போது குடையோடு வெளியே வந்து, நீர் எந்தக் குழாயிலிருந்து இறங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எந்த இடத்தில் மதிலைத் தாண்டித் தெருவுக்குப் போகிறது என்று பாருங்கள். ஒரு காகிதத்தில் மனையை வரைந்து அம்புக்குறிகள் போட்டுக்கொள்ளுங்கள். செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, போர்வெல், கழிவுநீர்க் குழாய் செல்லும் பாதை ஆகியவற்றையும் அதில் குறியுங்கள். பின்னால் குழி தோண்டும்போது இந்தக் காகிதம் நிறையச் செலவை மிச்சப்படுத்தும்.

அடுத்து மண். ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதிக்கு நீரும் ஊற்றி, நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வைத்துவிடுங்கள். மணல் அடியிலும், வண்டல் நடுவிலும், களி மேலேயும் அடுக்கடுக்காகப் படியும். எது தடிமனோ அதுதான் உங்கள் மண். சென்னையில் இது பேட்டைக்குப் பேட்டை மாறும். திருவான்மியூர், கொட்டிவாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளில் மணல். அண்ணா நகர், விருகம்பாக்கம், மேற்கு மாம்பலம் பக்கம் களி. கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை.

கூடவே ஓர் அடி ஆழத்துக்கு ஒரு சிறு குழி தோண்டி நீரை நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, இரண்டாம் முறை எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். ஓரிரு மணி நேரத்தில் வடிந்தால் மழைநீரை மண்ணுக்குள் அனுப்புவது எளிது. மறுநாள் வரை நின்றால் அடுத்த படியில் கொஞ்சம் கூடுதலாக வேலை இருக்கிறது.

படி 2: மழையை மனைக்குள் நிறுத்துங்கள்

சென்னையின் சராசரி ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். ஒரு கிரவுண்டு மனைமீது ஓர் ஆண்டில் விழும் நீரைக் கணக்கிட்டால் 3 லட்சம் லிட்டருக்கும் மேல் வருகிறது. 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் 26 லாரிகள். இதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் சில வாரங்களுக்குள் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 சென்டிமீட்டர் பதிவானது. அதே சென்னைக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வெள்ளமும் வறட்சியும் ஒரே குறையின் இரண்டு முகங்கள்: விழும் நீருக்கு இறங்க இடம் இல்லை.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. அதனால் உங்கள் வீட்டிலும் ஏதோ ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கக்கூடும். முதலில் அதைத் திறந்து பாருங்கள். பல வீடுகளில் மாடியிலிருந்து வரும் குழாய் ஒரு சிறு தொட்டியில் முடிகிறது. தொட்டிக்குள் ஜல்லிமேல் சேறு கட்டியாகி நீர் இறங்க வழியே இருக்காது. ஜல்லியை வெளியே எடுத்துக் கழுவி, மேலே உள்ள மணலை மாற்றினாலே பாதி வேலை முடியும்.

புதிதாக அமைப்பதானால் மாடி நீரையும் தரை நீரையும் பிரித்து நினையுங்கள்.

மாடி நீர் சுத்தமானது. பருவத்தின் முதல் ஓரிரு மழைகளை மட்டும் வெளியே விட்டு மாடியைக் கழுவிவிட்டால், அதன் பிறகு வருவதை வடிகட்டித் தண்ணீர்த் தொட்டியில் சேர்க்கலாம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் கிடைக்கும். தொட்டி நிரம்பி வழிவது திறந்த கிணற்றுக்குப் போகட்டும். பழைய கிணறு இருக்கிற வீட்டுக்காரர்கள் பாக்கியசாலிகள். அதைக் குப்பை போட்டு மூடுவது பெரிய இழப்பு. மாடி நீரைக் குழாய்வழி அதற்குள் இறக்குவதைவிடச் சிறந்த நீர் சேமிப்பு ஒரு வீட்டில் கிடையாது.

கிணறு இல்லையென்றால் ஓர் உறைகிணறு இறக்குங்கள். மூன்றடி விட்டமுள்ள சிமென்ட் உறைகள், பக்கங்களில் துளையோடு, 12 முதல் 15 அடி ஆழம் வரை போதும். உள்ளே ஜல்லியோ செங்கல்லோ நிரப்ப வேண்டாம். காலியாக இருந்தால்தான் அதிக நீர் நின்று மெல்ல இறங்கும், சேறு படிந்தால் அள்ளவும் முடியும். நீர் உள்ளே போகும் முன் இரண்டடிச் சதுரத்தில் ஒரு வண்டல் தொட்டி கட்டுங்கள். அஸ்திவாரத்திலிருந்து பத்தடியாவது தள்ளி, செப்டிக் டேங்க் இருக்கும் மூலைக்கு எதிர்மூலையில் இடம் பாருங்கள். மேலே கனமான மூடி கட்டாயம். குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் சமரசமே கூடாது. களிமண் பகுதியில் உறைகிணற்றின் அடியிலிருந்து துளையிட்டு, கீழே உள்ள மணல் அடுக்கு வரை ஒரு குழாயை இறக்க வேண்டியிருக்கும். பாறைப் பகுதியில் ஆழம் கிடைக்காது. அங்கே ஒரே கிணற்றுக்குப் பதில் ஆழம் குறைந்த குழிகள் பல வேண்டும்.

தரை நீரில் சேறும் இலையும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்திருக்கும். அதை எக்காரணம் கொண்டும் போர்வெல்லுக்குள் நேராக விடாதீர்கள். ஒருமுறை கெட்ட நிலத்தடி நீரைத் திருத்துவது யார் கையிலும் இல்லை. தரை நீருக்கு ஏற்றது மண்ணின் மேல்தட்டுதான். மனையின் தாழ்வான இடத்தில், சுவரிலிருந்து பத்தடி தள்ளி, அரையடிக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்தில் ஓர் அகலமான பள்ளம் வெட்டி, தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போடுங்கள். அதில் வெட்டிவேர், கல்வாழை, வசம்பு, ஓரத்தில் வல்லாரை, பொன்னாங்கண்ணி நடலாம். நீர் ஓரிரு நாளில் வடிந்துவிட வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும் என்பதால் இரண்டு நாளில் வடியும் பள்ளத்தால் டெங்கு வராது. மாடியில் கிடக்கும் பழைய டயரும் தேங்காய்ச் சிரட்டையும்தான் ஆபத்து.

படி 3: சிமென்ட் தரையை உடையுங்கள்

நம் ஊரில் வீடு கட்டி முடித்ததும் மதில் வரை சிமென்ட் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. சேறு இருக்காது, பாம்பு வராது, பெருக்க எளிது என்பார்கள். ஆனால் வெயிலில் காய்ந்த அந்தத் தரை இரவு முழுவதும் வெப்பத்தை உமிழ்கிறது. படுக்கையறை ஏசிக்கு வேலை கூடுகிறது. மழைக்காலத்தில் அதே தரை முழு நீரையும் தெருவில் தள்ளுகிறது.

முழுவதையும் உடைக்க வேண்டியதில்லை. கார் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகளையும் வாசலிலிருந்து கேட் வரை நடக்கும் பாதையையும் விட்டுவிட்டு மீதியை எடுங்கள். கோலம் போடும் இடம் இருக்கட்டும். வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டு மூன்றடி அகலத்துக்குச் சரிவான தரை இருப்பதும் நல்லது, அஸ்திவாரத்தில் ஈரம் ஏறாது. புதிதாகப் பாதை போடுவதானால் கருங்கல் பலகைகளை மணல்மேல் பதித்து, இடையில் இரண்டு விரல் இடைவெளி விட்டு, அதில் அருகம்புல் வளர விடுங்கள். உடைத்த சிமென்ட் துண்டுகளையும் வெளியே கொட்டாதீர்கள். பாத்திகளின் வரம்புக் கல்லாகவும், காலியாக விடும் உறைகிணற்றில் அல்லாமல், நீரை மண்ணுக்குள் கசியவிடும் ஆழம் குறைந்த குழிகளின் அடிநிரப்பாகவும் அவை உதவும்.

படி 4: மண்ணை வாங்காதீர்கள், உருவாக்குங்கள்

லாரியில் வந்து இறங்கும் செம்மண் ஒரு குன்றையோ மேட்டுநிலத்தையோ சுரண்டி வந்தது. ஒரு வீட்டுத் தோட்டத்துக்காக இன்னொரு நிலத்தைப் பாழாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் மனையில் இருப்பது வெறும் சவுடும் கட்டட இடிபாடும் என்றாலும் அதைத் திருத்த முடியும்.

பெரிய கற்களையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்கிவிட்டு, மண்ணைக் கொத்திவிட்டு, ஆடியில் பசுந்தாள் உரச் செடிகளான தக்கைப்பூண்டு அல்லது சணப்பு விதையுங்கள். இன்னும் நன்றாகச் செய்ய நினைப்பவர்கள் கம்பு, சோளம், உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, கொள்ளு என்று கையில் கிடைக்கும் தானியம், பயறு, எண்ணெய் வித்துகளைக் கலந்து விதைக்கலாம். இயற்கை விவசாயிகள் இதைப் பல தானிய விதைப்பு என்பார்கள். பூக்கத் தொடங்கும் தறுவாயில், ஏறக்குறைய 45 நாளில், அடியோடு அறுத்து அங்கேயே பரப்பிவிடுங்கள். வேர்கள் மண்ணுக்குள் மக்கும், தழை மேலே மூடாக்காகும். இரண்டு முறை இப்படிச் செய்த மண்ணைக் கையில் எடுத்தாலே வேறுபாடு தெரியும்.

மூடாக்கு என்பது மண்ணை ஒருபோதும் வெறுமையாக விடாமல் மூடிவைப்பது. மேற்கண்ட எல்லா வேலைகளிலும் குறைந்த செலவில் நிறைந்த பலன் தருவது இதுதான். உதிர்ந்த இலைகளை மரத்தடியில் மூன்று நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பினால் வெயில் மண்ணைத் தொடாது, நீர் ஆவியாவது குறையும், களை முளைக்காது, மண்புழு மேலே வரும். தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கரையான் பயம் உள்ளவர்கள் வீட்டுச் சுவரிலிருந்து இரண்டடி வரை மூடாக்குப் போடாமல் விட்டால் போதும்.

இலை போதவில்லையா? பொங்கல் முடிந்ததும் தெருவெங்கும் கரும்புத் தோகை கிடக்கும். சாறு பிழியும் கடைகளில் சக்கை சும்மா கிடைக்கும்; எறும்பு வராமலிருக்க நான்கைந்து நாள் வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துங்கள். இளநீர்க் கூடுகளும் அப்படியே. தென்னை இருந்தால் அதைச் சுற்றிப் பள்ளம் வெட்டி உரிமட்டைகளைக் குழிந்த பக்கம் மேல்நோக்கி அடுக்கி, கடைசி அடுக்கை மட்டும் கவிழ்த்து வைத்து மண்ணால் மூடுங்கள். மட்டை நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் வேருக்குக் கொடுக்கும். ஐந்தாறு ஆண்டுகளுக்கு அதன் பயன் நிற்கும்.

எஞ்சிய இலைக்குக் கம்பிவலையில் மூன்றடி விட்டமுள்ள ஒரு கூண்டு செய்து நிரப்பி, அவ்வப்போது நனைத்து வாருங்கள். மா இலை மெல்லத்தான் மக்கும், நறுக்கிப் போட்டால் வேகம் கூடும். சமையலறைக் கழிவுக்குத் துளையிட்ட மண்பானைகள் போதும்: ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை, மேலே கொஞ்சம் புளித்த மோர். நாற்றம் அடித்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள், இன்னும் காய்ந்த இலை சேருங்கள். இலையைக் கூட்டிக் கொளுத்தும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். மண்ணுக்குப் போக வேண்டியதைப் புகையாக்கி, பக்கத்து வீட்டுக் குழந்தையின் நுரையீரலுக்கு அனுப்புவது அது.

படி 5: புல்தரைக்கு மாற்று

நம் கோடையில் வெறும் 100 சதுர அடிப் புல்தரையைப் பச்சையாக வைத்திருக்கவே நாளொன்றுக்கு 45 லிட்டர் அளவுக்கு நீர் வேண்டும். உட்கார்ந்து பேசவும் குழந்தைகள் விளையாடவும் திறந்த இடம் தேவைதான். அங்கே அருகம்புல்லை வளர விடுங்கள். கோடையில் பழுப்பாகும், முதல் மழையில் தானாகத் துளிர்க்கும். அதிகம் மிதிபடாத இடங்களில் பொடுதலை அருமையான தரைமூடி. படர்ந்து மண்ணை இறுகப் பிடிக்கும், வெட்டத் தேவையில்லை, அதன் சின்னஞ்சிறு பூக்களைத் தேடித் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் நாள் முழுவதும் வரும். ஓரங்களில் தும்பை முளைத்தால் பிடுங்காதீர்கள்.

களைக்கு மருந்தடிக்க வேண்டாம். கிளைபோசேட் களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழிலில் உள்ளவர்கள் மட்டுமே கையாளலாம் என்று 2022 அக்டோபரில் ஒன்றிய அரசே கட்டுப்படுத்தியது. மழைக்கு மறுநாள் களைக்கொத்தியோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். பிடுங்குவதில் பாதி மூக்கிரட்டையும் பண்ணைக்கீரையுமாக இருந்தால் அன்றைக்குக் கடைந்துவிடலாம்.

படி 6: மரம் தேர்வு

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகர், தென் அமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி போன்றவை அவற்றில் ஏராளம். விரைவில் வளர்ந்து விரிந்த நிழல் தரும் மரம் பெரும்பாலும் மெல்லிய கட்டைதான். நம் கடற்கரைக்குப் புயல் அடிக்கடி வரும்.

எனவே தேர்வில் முதல் கேள்வி காற்று. கடலோரத்தில் புன்னையும் பூவரசும் உப்புக்காற்றைத் தாங்கும். உள்ளே தள்ளி வேம்பு, புங்கன், மகிழம், சரக்கொன்றை. இரண்டாவது கேள்வி இடம். ஒரு கிரவுண்டில் வீடு போக ஒரு பெரிய மரமும் நான்கைந்து சிறு மரங்களும்தான் தாங்கும். பெரிய மரத்தைச் சுவரிலிருந்து 15 அடி தள்ளி மேற்குப் பக்கம் வையுங்கள். பிற்பகல் வெயில் சுவரில் விழாவிட்டால் வீட்டுக்குள் வெக்கை கணிசமாகக் குறையும். அரை கிரவுண்டுக்குப் பவழமல்லி, நாரத்தை, எலுமிச்சை, மாதுளை, கறிவேப்பிலை, நந்தியாவட்டை. ஆலும் அரசும் ஊருக்கு வேண்டியவை. அவற்றுக்குக் குளக்கரையோ கோயில் திடலோ பாருங்கள். மழை குறைந்த தென் மாவட்டங்களில் ஆவாரையும் நுணாவும் வேலியோரத்தில் கவனிப்பே இல்லாமல் நிற்கும்.

எல்லாம் நாட்டு மரமாகவே இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. கொய்யாவும் பப்பாளியும் மிளகாயும்கூட அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவைதான். பார்க்க வேண்டியது, மதிலைத் தாண்டிப் பரவி மற்ற செடிகளை அழிக்குமா என்பதே. பல நிறங்களில் பூத்து நர்சரிகளில் விற்கும் உண்ணிச்செடி (லான்டானா) நம் காடுகளை விழுங்கிக்கொண்டிருக்கும் அதே செடி. மஞ்சள் பூப் பூத்துத் தரையில் படரும் சிங்கப்பூர் டெய்சியும் நீர்நிலை ஓரங்களில் பரவிவிட்டது. மதிலோரப் பச்சைச் சுவருக்காக நட்டுவந்த கோனோகார்பஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025இல் தடை விதித்தது. வீட்டில் இருந்தால் அதை எடுத்துவிட்டு நொச்சியோ ஆடாதொடையோ வேலியாக வையுங்கள்.

நடும் காலம் ஆடி முதல் ஐப்பசி வரை. இரண்டு மூன்றடி உயரக் கன்றே நல்லது. பத்தடி உயரத்தில் பையில் வளர்ந்த மரத்துக்கு வேர் சுருண்டிருக்கும், புயலில் முதலில் சாய்வது அதுதான். இரண்டடிக் குழி, மேல்மண்ணோடு மக்கு உரம், பையைக் கிழித்து முழுவதும் அகற்றி நடுதல், ஒரு குச்சி. முதல் இரண்டு கோடைக்கு மட்டும் நீர் கொடுங்கள். தினமும் கொஞ்சம் ஊற்றினால் வேர் மேலேயே நிற்கும். வாரம் இருமுறை ஆழமாக நனைத்தால் கீழே போகும். அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்குடத்தைக் கன்றின் அருகே புதைத்து நிரப்பி வைப்பது, ஊருக்குப் போகிறவர்களுக்கு நல்ல வழி. வளர்ந்த மரத்தின் அடர்ந்த கிளைகளைப் புரட்டாசிக்குள் கொஞ்சம் திறந்துவிடுங்கள், காற்று ஊடே போகட்டும். உச்சியை மொட்டையடிப்பது மரத்தைப் பலவீனமாக்கும்.

படி 7: வீட்டு நீருக்கு இரண்டாம் வேலை

முன்பெல்லாம் குளியலறை நீர் வாழைக்குப் போகும். கிணற்றடியில் துணி துவைத்த நீர் தென்னைக்குப் போகும். அதையே கொஞ்சம் ஒழுங்காகச் செய்யலாம். குளியல், துணி துவைக்கும் நீருக்குத் தனிக் குழாய் எடுத்து, ஆறடி விட்டம், மூன்றடி ஆழக் குழியில் விடுங்கள். குழியைக் கிளைகளாலும் இலைகளாலும் நிரப்பி, கரையில் நான்கு வாழை, இடையில் கல்வாழை, சேம்பு நடுங்கள். நீரைத் தொட்டியில் தேக்கினால் ஒரே நாளில் நாறும், உடனுக்குடன் மண்ணில் இறங்க வேண்டும். பிளீச்சிங் கலந்த நீரும் கழிவறை நீரும் இதில் சேரக் கூடாது. பச்சையாகத் தின்னும் கீரைக்கு இந்த நீர் வேண்டாம்.

ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பே கிடையாது, தொட்டிச் செடிகளுக்கு ஏற்றது. ஆர்ஓ கருவி வெளியேற்றும் நீர் அதற்கு நேர் எதிர். உப்பு கூடுதல் என்பதால் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: பூச்சிகளோடு பொறுமை

2008இல் கோயம்புத்தூரில் ஒரு புதிய மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ பகுதியைச் சேர்ந்த அது பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, வீட்டுச் செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. மருந்து அடித்துப் பார்த்தார்கள். மாவு போன்ற மெழுகுப் போர்வை அதைக் காத்தது. 2010இல் அதன் சொந்த நாட்டு எதிரிகளான மூன்று வகை நுண்குளவிகளை வரவழைத்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்கள் வயல்களில் விட்டன. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. அந்தக் குளவிகள் கண்ணுக்கே சரியாகத் தெரியாதவை. இன்று உங்கள் பப்பாளியில் நீங்கள் அடிக்கும் கடுமையான மருந்து முதலில் கொல்வது அவற்றைத்தான்.

2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் வந்த சுருள் வெள்ளை ஈயும் அப்படியே. அதற்கும் ஒரு குளவி எதிரி இருக்கிறது. மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி, நீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். இலையில் படியும் கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கரைத்துத் தெளித்தால் காய்ந்து உரிந்துவிடும். மற்ற சாறுறிஞ்சிகளுக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், மாலையில், பூக்களில் படாமல். செடியில் அசுவினியைக் கண்டதும் பதறாமல் ஒரு வாரம் பொறுங்கள், பெரும்பாலும் பொறிவண்டு வந்து சேரும்.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் புழு, பிறகு பச்சையாகி, வால்நீண்ட வண்ணத்துப்பூச்சியாகும். அதற்கு நான்கு கிளைகளை விட்டுக்கொடுங்கள். எருக்கு, ஆடுதின்னாப்பாளை, சரக்கொன்றை ஒவ்வொன்றுக்கும் அதனதன் வண்ணத்துப்பூச்சி உண்டு. இலை கடிபடாத தோட்டத்தில் வண்ணத்துப்பூச்சியை எதிர்பார்க்க முடியாது.

படி 9: பறவைகள், பாம்பு, விளக்கு

அகன்ற ஆழமில்லாத மண்தட்டில் நீர் வைத்து, தினமும் கொட்டிக் கழுவி நிரப்புங்கள். காய்ந்த கிளையால் யாருக்கும் ஆபத்து இல்லையென்றால் வெட்டாதீர்கள், குக்குறுவான் அதில்தான் பொந்து குடையும். மதில் இடுக்கில் கொசுத்தேனீ கூடு கட்டியிருந்தால் சிமென்ட் பூசி அடைக்காதீர்கள், அது கொட்டாது. ஒரு மூலையில் வெயில்படும் வெறுமண் கொஞ்சம் இருக்கட்டும். மண்ணில் கூடுகட்டும் தேனீக்கள் உண்டு, தக்காளிக்கும் கத்தரிக்கும் மகரந்தச் சேர்க்கை செய்வது அவை.

பாம்பு வரும் என்ற பயம் நியாயமானது. பாம்பை இழுப்பது செடியைவிட எலியும் குவியலும்தான். செங்கல், விறகு, பழைய ஓடு ஆகியவற்றைக் குவித்து வைக்காதீர்கள். சோற்றுப் பருக்கையை வெளியே கொட்டாதீர்கள். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலம் கண்ணுக்குத் தெரியும்படி சுத்தமாக இருக்கட்டும். கதவின் அடி இடுக்கை அடையுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். மூடாக்கைக் கையால் கிளறாமல் குச்சியால் கிளறுங்கள்.

வெளிவிளக்குக்கு வெள்ளை ஒளி வேண்டாம். மஞ்சள் ஒளி, தரையை நோக்கி, ஆள் நடந்தால் மட்டும் எரியும்படி. இரவுப் பூச்சிகள் விளக்கைச் சுற்றிச் சாகாமல் தம் வேலையைப் பார்க்கும்.

எந்த மாதத்தில் எதை?

மாசி, பங்குனியில் மனையை அளந்து வரைந்துகொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் தரை உடைப்பு, உறைகிணறு; நிலத்தடி நீர் இறங்கியிருக்கும் காலம் என்பதால் தோண்ட எளிது. ஆடியில் தக்கைப்பூண்டு. புரட்டாசிக்குள் மாடியைக் கழுவி, குழாய்களையும் வண்டல் தொட்டியையும் சுத்தம் செய்துவிட வேண்டும். அறுத்துப் பரப்பிய தழைமேலேயே ஐப்பசி மழையோடு கன்றுகளை நடுங்கள். கார்த்திகையில் நீர் தேங்கும் இடங்களைத் திருத்துங்கள். தையில் கரும்புத் தோகை மூடாக்கு. பணமோ நேரமோ ஓர் ஆண்டில் எல்லாவற்றுக்கும் போதவில்லையென்றால், மழைநீரையும் மூடாக்கையும் முதல் ஆண்டிலும் மரங்களை அடுத்த ஆண்டிலும் வைத்துக்கொள்ளுங்கள், இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

இவ்வளவும் பலன் தருகிறதா என்று பார்க்கக் கிணற்றில் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதியன்று நீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்காதீர்கள், காலையில் நீர் ஏற்றும் முன் அளப்பதே சரி. ஒரு மழைக்காலத்தின் கணக்கை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். மழை கூடியும் குறைந்தும் பெய்யும். மூன்று சித்திரை மாத அளவுகள் கையில் இருந்தால், அடுத்த உறைகிணறு தேவையா என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.